‘கிருபை’ என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் என்ன சொல்? தேடிப் பார்க்கும் முறை

சங்கீதம் 136-ல் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்ற வரி 26 முறை வருகிறது. அந்தக் கிருபைக்கு பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயத்தில் என்ன சொல் என்று தேடப்போய்த்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். எபிரெய எழுத்து தெரியாமலே செய்யலாம்.

ப்ளூ லெட்டர் பைபிள் தளத்தில் கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தைத் திறந்து, வசனத்தைத் தொடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் வரும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-ல் வெளியிட்ட சொல்லடைவின் (எந்தச் சொல் எந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் நூலின்) எண்கள் அவை. நம் சொல்லின் எண் 2617, உச்சரிப்பு ஹெசெத். வேறு தளங்களும் உண்டு, ஆனால் ஒரு சொல் வரும் எல்லா வசனங்களும் ஒரே இடத்தில் கிடைப்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

சில இடங்களில் சொல் அடையாளமே தெரியாது. சங்கீதம் 51:1-ல் அது ‘கெஹஸ்தேகா’ என்று நிற்கும். முன்னால் உள்ள ‘கெ’ நம்முடைய ‘-இன்படி’, கடைசியில் உள்ளது ‘உமது’. ‘உமது கிருபையின்படி’ என்பதை அப்படியே தலைகீழாக அடுக்கியதுபோல இருக்கும். நடுவில் நிற்பதுதான் ஹெசெத்.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். ஸ்ட்ராங் அகராதியில் 2617-க்கு நேரே தயவு, இரக்கம் எல்லாம் இருக்கும். அதே வரிசையில் ‘இகழ்ச்சி’ என்ற பொருளும் இருக்கும். கிருபைக்குள் கண்டிப்பும் அடங்கியிருக்கிறது என்று எண்ணி, ஒரு வேதபாடத்துக்கு இரண்டு நாள் குறிப்பு எழுதினேன். அது தவறு. நீதிமொழிகள் 14:34-ல் ‘பாவமோ எந்த ஜனத்துக்கும் இகழ்ச்சி’ என்று வருவது வேறொரு சொல். எழுத்தும் ஒலியும் ஒன்று, பொருள் வேறு. நம் ‘மாலை’ பொழுதையும் பூமாலையையும் குறிப்பதுபோல. ஸ்ட்ராங் இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்துவிட்டார். 1906-ல் வந்த பிரௌன், டிரைவர், பிரிக்ஸ் அகராதி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. பைபிள் ஹப் தளத்தில் அதே எண்ணின் கீழே அது இருக்கிறது. ஸ்ட்ராங்கை எண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பொருளுக்கு இதைப் பாருங்கள்.

அப்புறம் வசனங்களுக்கே போங்கள், அவசரப்படாதீர்கள். ஓசியா 6:6-ல் ஹெசெத் ‘இரக்கம்’. ரூத் 3:10-ல் போவாஸ் ரூத்திடம் சொல்லும் ‘நற்குணம்’ அதே சொல். தாவீதின் நண்பன் யோனத்தான் 1 சாமுவேல் 20-ல் தன் வீட்டாருக்காக அவனிடம் அதைத்தான் கேட்டு வாக்கு வாங்குகிறான். அவன் இறந்தபின் தாவீது அந்த வாக்கை மறக்காமல், 2 சாமுவேல் 9-ல் கால் முடமான அவன் மகன் மேவிபோசேத்தைத் தேடி அழைத்துத் தன் பந்தியில் உட்கார வைக்கிறான். கொடுத்த சொல்லைக் கைவிடாத அன்பு என்று எந்த அகராதியையும்விட அந்த அதிகாரம் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

பின்சேர்க்கை: அச்சிட்ட எபிரெய வேதாகமத்தில் வசன எண் ஒத்துவரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் சங்கீதத் தலைப்புகளுக்கும் பெரும்பாலும் எண் உண்டு. நம் 51:1 அங்கே 51:3. சில இடங்களில் அதிகாரப் பிரிவும் மாறும்: யோவேல் 2:28-ஐ அங்கே 3:1-ல் தேடுங்கள்.