ஸ்டெப்னி கேரியர் வாங்குறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்கியமா அந்த ஒண்ணு

போன வாரம் ஒரு தம்பி புதுசா 35 இன்ச் மட் டெரெய்ன் (சேத்துலயும் மண்ணுலயும் ஓட்டுறதுக்கான) டயர் போட்ட வண்டிய கொண்டுவந்து காட்டுனாரு. முன்னாடி, சைடுலாம் பாத்தேன், நல்லா இருந்துச்சு, பின்னாடி வந்ததும் திக்குனு ஆயிடுச்சு. கம்பெனியில வந்த பின் கதவு பிராக்கெட்லயே, நடுவுல ஒரு ஸ்பேசர் வச்சு, அந்த 35 இன்ச் ஸ்டெப்னிய மாட்டியிருந்தாரு. "அண்ணா, கச்சிதமா பொருந்திடுச்சு"ன்னாரு. இதே வார்த்தைய இதே சந்தோஷத்தோட நானும் ஒரு காலத்துல சொல்லியிருக்கேன், அதான் இத எழுத உக்காந்தேன். ஸ்டெப்னி கேரியர்னா ஸ்டெப்னிய வண்டிக்கு வெளிய மாட்டி வைக்கிற இரும்பு சட்டம். நட்ட டைட் பண்ணுங்க, பூட்டு போடுங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சத சொல்லப்போறதில்ல.

பொருந்துதான்னு பாத்துட்டு தாங்குமான்னு பாக்காம விடுறது

டயர் வாங்குறவங்க எல்லாரும் இன்ச் கணக்கு பாக்குறாங்க, கிலோ கணக்கு யாரும் பாக்குறதில்ல. நானும் பாக்கல. என் பழைய ஸ்டெப்னி ரிம்மோட சேத்து 27 கிலோ, புதுசு 43 கிலோ. 16 கிலோதானே கூடுதுன்னு தோணும். ஆனா டயர் அகலமாச்சு, ஸ்பேசர் வேற, அதனால எடையோட நடுப்பகுதி கதவுலேர்ந்து 20 சென்டிமீட்டர்ல இருந்தது 29 சென்டிமீட்டருக்கு தள்ளிப்போச்சு. 27ஐ 20ஆல பெருக்குனா 540, 43ஐ 29ஆல பெருக்குனா 1247. கீல் மேல விழற இழுவை ரெண்டு மடங்குக்கும் மேல போயிடுச்சு, இதுவும் வண்டி சும்மா நிக்கிறப்போதான். குழியில இறங்கி தூக்கிப்போடுறப்போ மூணு மடங்கு அதிர்வுன்னு வச்சுக்கிட்டா, அந்த 43 கிலோ டயர் அந்த கணத்துல 130 கிலோ மாதிரி இழுக்கும். இத தாங்க வேண்டியது ரெண்டு கீலும் ஒரு லாட்ச்சும், அதுங்க பிடிச்சிருக்கிறது மெல்லிசு தகடு.

முதல்ல சத்தம்தான் வந்துச்சு, கரடுமுரடான ரோட்டுல கடகடன்னு. லாட்ச்ச அட்ஜஸ்ட் பண்ணேன், சத்தம் குறைஞ்சுது, சரியாயிடுச்சுன்னு நம்பிட்டேன். அப்புறம் மேல் கீல் பக்கத்துல பெயிண்ட்ல முடி மாதிரி ஒரு கீறல். எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆத்திரம் வர்றது இங்கதான், தகடு கிழிய ஆரம்பிச்சிருக்குன்னு அது தெளிவா சொல்லுது, நான் துரு பிடிக்கக்கூடாதுன்னு அது மேல பெயிண்ட் தடவிட்டு போயிட்டேன். நாலு மாசம் கழிச்சு, நாள் முழுக்க வரிவரியா இருந்த மண் ரோட்டுல ஓட்டிட்டு வந்து, தண்ணி எடுக்கலாம்னு கதவ திறந்தா மொத்த கதவும் ஒரு இன்ச் கீழ இறங்கி தொங்குது, திரும்ப மூட முடியல. டயர கழட்டி உள்ள போட்டு, கதவ ராட்செட் பெல்ட்டால கட்டி மெதுவா திரும்பி வந்தோம். பின் கதவு சரியா மூடலன்னா தூசி மட்டும் இல்ல, சைலன்சர் புகையும் உள்ள வரும், அதுல இருக்குற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆள சாய்ச்சிடும், அதனால வழி பூரா எல்லா கண்ணாடியையும் இறக்கி விட்டுதான் ஓட்டுனோம்.

டிங்கரிங்ல விட்டு வெல்டிங் வச்சோம், கொஞ்ச நாள்ல வெல்டிங்குக்கு பக்கத்துலயே மறுபடி கீறல். கடைசியில கதவு, கீல் எல்லாத்தையும் மாத்திட்டு, முதல்லயே வாங்கியிருக்க வேண்டிய, டயர கதவுல இல்லாம பின் பம்பர்ல தாங்குற பம்பர் கேரியர வாங்குனேன். அந்த செலவுல ரெண்டு கேரியர் வாங்கியிருக்கலாம்.

அதனால முதல்ல டயர எடை போடுங்க. உடம்பு எடை பாக்குற மெஷின் மேல ஒரு பலகைய வச்சு, ரிம்மோட டயர படுக்கப்போட்டா போதும். கேரியர் விக்கிறவர்கிட்ட "எத்தன இன்ச் வரைக்கும்"னு கேக்காதீங்க, "எத்தன கிலோ வரைக்கும்"னு கேளுங்க, கிலோ சொல்லத் தெரியலன்னா அத விட்டுடுங்க. கம்பெனி சைஸ விட ஒரு சைஸ்தான் பெருசுன்னா, கதவோட ரெண்டு கீலையும் சேத்து பலப்படுத்துற கிட் போட்டு சமாளிக்கலாம். அதுக்கு மேல போனா எடை கதவுக்கு போகவே கூடாது, பம்பர் வழியா சேஸிஸுக்கு, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துக்கு, போகணும். அந்த பம்பரும் சேஸிஸ்லதான் போல்ட் ஆகியிருக்கணும், தகட்டுல இல்ல.

அந்த தம்பியோட டயர அன்னைக்கே எடை போட்டோம், 44 கிலோ. கீல் பக்கத்துல இன்னும் கீறல் விழல. அங்கேயே கழட்டி உள்ள போட்டு பெல்ட் கட்டி அனுப்பி வச்சேன்.

பிவட்ட விட்டுட்டு பெயிண்ட்ட பாக்குறது

கதவு மாதிரி திறக்குற கேரியர்ல உயிரே பிவட்தான், அதாவது கேரியரோட கை சுத்தித் திறக்குற அச்சு. டேப்பர் ரோலர் பேரிங், கிரீஸ் அடிக்கிற நிப்பிள் ரெண்டும் இருக்கான்னு பாருங்க, உருளை இல்லாத வெறும் குழாய் மாதிரி புஷ் மட்டும்னா சேறும் மணலும் சேந்து சீக்கிரம் தேய்ஞ்சு கேரியரோட கை ஆட ஆரம்பிச்சிடும். மூடுனப்புறம் டயர் ரப்பர் ஸ்டாப்பர்ல அழுத்தமா உக்காரணும், நடுவுல விரல் போற இடைவெளி இருந்தா ஒவ்வொரு குலுக்கலுக்கும் லாட்ச்தான் அடி வாங்கும். திறந்த நிலையில நிக்கிறதுக்கு பின்னோ லாக்கோ கட்டாயம் வேணும். ஒரு தடவ சரிவுல வண்டிய நிறுத்தியிருந்தோம், திறந்து வச்ச கேரியர் தானா திரும்பி வந்து கூட வந்தவர் தோள்ல இடிச்சுது. 43 கிலோ மெதுவா வந்தாலே போதும், அவர் கை நடுவுல இருந்திருந்தா எலும்பு போயிருக்கும்.

பி.சி.டி பாக்காம ஆர்டர் போடுறது

பி.சி.டின்னா வீல் போல்ட் எண்ணிக்கையும், அதுங்க அமைஞ்சிருக்குற வட்டத்தோட விட்டமும் (மில்லிமீட்டர்ல). ஜிம்னிக்கு 5×139.7, ஜே.கே ராங்லருக்கு 5×127. ரெண்டும் அஞ்சு போல்ட்தான், ஒண்ணோடது இன்னொண்ணுல ஏறாது.

கூரை மேல ஏத்துறது

தனியா இருக்கறப்போ, சேத்துல நின்னுக்கிட்டு, 40 கிலோவ தலைக்கு மேலேர்ந்து இறக்கிப் பாருங்க. சரிவுல வண்டி குறுக்கா போறப்போ மேல இருக்குற எடை சாய்க்கும், அது இதவிட மோசம்.

ஹிட்ச்ல மாட்டுறது

ஹிட்ச்னா டிரெய்லர் இழுக்க வண்டிக்கு பின்னாடி இருக்குற மாட்டி. நல்ல ரோட்டு பயணத்துக்கு சரி. பாறையில, ஓடைக்கரையில இறங்குறப்போ முதல்ல தரையில தட்டுறது அதுதான்.

கேரியர்லயே எல்லாத்தையும் தொங்க விடுறது

20 லிட்டர் தண்ணி கேன்ல தண்ணியே 20 கிலோ, ஹை லிஃப்ட் ஜாக் 12, 13 கிலோ வரும். கேரியரோட கிலோ கணக்குல இதுவும் சேந்துதான். இவ்வளவும் பின் ஆக்ஸிலுக்கு வெளிய தொங்குறதால முன் சக்கரத்து மேல இருக்குற எடை குறையும், பின் ஸ்பிரிங் உக்காரும். கனமான சாமான உள்ள, பின் ஆக்ஸிலுக்கு முன்னாடி வைங்க.

நம்பர் பிளேட், மூணாவது பிரேக் லைட், ரிவர்ஸ் கேமரா

டயர் மாட்டுனா எது மறையும்னு வாங்குறதுக்கு முன்னாடியே அளந்து பாருங்க.

மாட்டுனதோட மறந்துடுறது

முதல் மண் ரோட்டு பயணம் முடிஞ்சதும் பம்பர்-சேஸிஸ் போல்ட், பிவட் நட், வீல் நட் மூணையும் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வச்சு பாக்கணும். நான் ஒவ்வொரு போல்ட் தலையிலேர்ந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயிண்ட் மார்க்கரால ஒரு கோடு போட்டுடுவேன். வண்டி நிக்கிற இடத்துல எல்லாம் குனிஞ்சு ஒரு பார்வை பாத்தா போதும், கோடு நேரா இல்லாம விலகியிருந்தா அந்த போல்ட் லூஸ் ஆகியிருக்கு.