பென் டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மேட்டை மட்டும் அழுத்திவிடாதீர்கள்

பென் டிரைவைச் செருகியதும், "ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் கேட்கிறதா? கேன்சல் கொடுங்கள். அவசரத்தில் சரியென்று அழுத்தி, இரண்டு வருடப் படங்களைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

முதலில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். மேசைக் கணினி என்றால் பின்பக்கப் போர்ட் நல்லது. அது மதர்போர்டிலேயே இருக்கிறது. முன்பக்கப் போர்ட் உள்ளே ஒரு கேபிள் வழியாகத்தான் இணைகிறது, அந்தக் கேபிள் தளர்ந்தாலும் தகராறுதான். நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் கருவி) இருந்தால் கழற்றிவிடுங்கள். முடிந்தால் இன்னொரு கணினியிலும் செருகிப் பாருங்கள்.

அப்புறம், டிரைவ் திறக்கவில்லையா, கணினிக்குத் தெரியவே இல்லையா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. விண்டோஸ் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழ்ப்பாதியில் 'ரிமூவபிள்' என்றிருப்பதுதான் பொதுவாகப் பென் டிரைவ். அளவையும் சரிபாருங்கள். 32 ஜிபி டிரைவ் 29 ஜிபி சொச்சம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு.

அங்கே ஃபேட்32, என்டிஎஃப்எஸ் என்று கோப்பு அமைப்பின் (டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையின்) பெயர் ஏதாவது இருந்து, இ, எஃப் போன்ற எழுத்து மட்டும் இல்லையா? வேலை சுலபம். வலது கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' போய், 'ஆட்' அழுத்தி, ஓர் எழுத்தைக் கொடுங்கள். உடனே திறக்கும்.

அந்தப் பெயருக்குப் பதில் 'ரா' (RAW) என்று இருந்தால் நிதானம் தேவை. கோப்பு அமைப்பு சிதைந்திருக்கலாம். அல்லது டிரைவ் லினக்ஸின் இஎக்ஸ்டி4, மேக்கின் ஏபிஎஃப்எஸ் போல விண்டோஸுக்குப் புரியாத வடிவில் இருக்கலாம். அப்படியானால் அது உருவான கணினியில் செருகினாலே திறந்துவிடும். சிதைந்ததுதான் என்றால், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் கோப்புகளை மீட்டுப் பாருங்கள். மீட்பதை வேறு டிரைவில் சேமியுங்கள். இதிலேயே எழுதினால் மிச்சம் இருப்பதும் அழியும்.

'நோ மீடியா' என்று வந்தால் உள்ளிருக்கும் நினைவகச் சில்லு பதில் சொல்லவில்லை என்று பொருள். பெரும்பாலும் மென்பொருளால் ஆகாது.

லினக்ஸ்காரர்களுக்கு ஒன்று: விண்டோஸில் எஜெக்ட் செய்யாமல் பிடுங்கிய என்டிஎஃப்எஸ் டிரைவை லினக்ஸ் மவுன்ட் செய்ய (இணைத்துத் திறக்க) மறுக்கலாம். திரும்ப விண்டோஸில் செருகி, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டூல்ஸ்', 'செக்' என்று போய்ச் சோதனையை ஓட்டி, முறையாக எஜெக்ட் செய்யுங்கள்.

கோப்புகள் பத்திரமான பிறகு ஃபார்மேட் செய்யலாம். கோப்பு அமைப்பாக எக்ஸ்ஃபேட் தேர்ந்தெடுங்கள், ஃபேட்32-இல் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே கோப்பு ஏறாது.