பின்னலை அளந்து அவத்தையைக் கண்டுபிடிப்பது: பைதனில் ஒரு சிறிய கணக்கு

உயர்தரத்தில் தாயமும் காவியும் படித்து, பைதனும் ஓரளவு தெரிந்த வன்னிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தனிப்பூச்சிய வெப்பநிலையிலும் ஒரு பொருள் அவத்தை மாறலாம். காந்தப்புலத்தைக் கூட்டினாலே சிலவற்றுக்குப் போதும். அந்த மாற்றத்தைக் குவாண்டம் பின்னல் (துணிக்கைகளைத் தனித்தனியாக விவரிக்க முடியாதபடி பிணைக்கும் தொடர்பு) காட்டிக்கொடுக்கும்.

நம்பை, சைபை என்ற பைதன் கணித நூலகங்களை லப்டொப்பிலேயே நிறுவுங்கள். இணையத்தில் ஓடும் கூகிள் கொலாப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாங்குளத்திலிருந்து உள்ளே போனால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், பாதிக் கணக்கில் தொடர்பு அறும். பழைய லப்டொப்பே இதற்குத் தாராளம்.

12 ஸ்பின்களை (மேல், கீழ் என இரு நிலைகளுள்ள நுண்காந்தங்களை) முனைகள் திறந்த சங்கிலியாக வையுங்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் ஒரே திசையில் நிற்கப் பார்க்கும் (இசிங் இணைப்பு, வலிமை 1). அந்தத் திசைக்குச் செங்குத்தான குறுக்குப் புலம் அதைக் குலைக்கும். இவற்றின் சக்தியை எழுதினால் 4096 × 4096 தாயம் வரும். பெரும்பகுதி பூச்சியம் என்பதால் ஸ்பார்ஸ் வடிவில் (பூச்சியமல்லாதவற்றை மட்டும் சேமித்து) கட்டி, மிகத் தாழ்ந்த சக்தி நிலையை, அதாவது மிகச் சிறிய ஐகன் பெறுமானத்துக்குரிய காவியை, எடுங்கள். அந்தக் காவியை 64 × 64 ஆக ரீஷேப் செய்து எஸ்விடி (தாயத்தின் சிங்குலர் பெறுமானங்களைப் பிரித்தெடுக்கும் முறை) போடுங்கள். சிங்குலர் பெறுமானங்களின் வர்க்கங்கள்தான் நிகழ்தகவுகள். ஒவ்வொன்றையும் அதன் இயற்கை மடக்கையால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால் சங்கிலியின் இரு பாதிகளுக்கும் இடையிலான பின்னலை அளக்கும் பின்னல் என்ட்ரோபி கிடைக்கும். பூச்சியங்களை முன்பே நீக்கிவிடுங்கள்.

சரி, இனித்தான் கவனம் வேண்டும். குறுக்குப் புலத்தை 0.05 என வைத்து ஓட்டினால் விடை ஒவ்வொரு தடவையும் மாறலாம்: ஒருமுறை 0க்குப் பக்கத்தில், இன்னொருமுறை 0.69 வரை. புரோகிராமில் பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 'எல்லாம் மேலே', 'எல்லாம் கீழே' என்ற இரண்டு நிலைகளுக்கும் இங்கே சக்தி ஏறத்தாழச் சமம். கணினி இரண்டையும் எந்த விகிதத்திலும் கலந்து தரும். சரிபாதியாகக் கலந்தால் என்ட்ரோபி மட 2 (2இன் இயற்கை மடக்கை), அதாவது 0.693. முனையிலுள்ள ஒரு ஸ்பின்னில் மட்டும் இணைப்புத் திசையில் 0.01 புலம் சேர்த்தால் ஒரு நிலை மட்டும் தேறும், விடை 0ஐ ஒட்டி நிற்கும்.

அப்புறம் குறுக்குப் புலத்தை 0.05இலிருந்து 2 வரை நகர்த்தி வரைபு போடுங்கள். இரு ஓரங்களிலும் என்ட்ரோபி குறைவு, நடுவில் உச்சம். உண்மையான மாறுநிலை 1இல். சின்னச் சங்கிலியில் உச்சம் அதற்கு முன்பே வரும். நீளம் கூடக் கூட 1ஐ நெருங்கும். முனைப் புலத்தை எடுத்துவிட்டு, குறுக்குப் புலத்தைச் சரியாக 1இல் வைத்துச் சங்கிலியை நீட்டிப் பாருங்கள். என்ட்ரோபி நிற்காமல் நீளத்தின் மடக்கையோடு வளரும். நீண்ட சங்கிலியில் சரிவு 1/12. மற்ற இடங்களில் நீளத்தைக் கூட்டினாலும் ஓர் எல்லையில் நின்றுவிடும். இந்த வேறுபாடுதான் நாம் தேடியது.

பின்சேர்க்கை: சரிவு இரட்டிப்பாக, 1/6ஐ ஒட்டி வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் சங்கிலியை வளையமாக மூடியிருக்கிறார். வளையத்தைப் பாதியாக்க இரண்டு இடங்களில் வெட்ட வேண்டும், அதனால் 1/6 சரிதான்.

இசிங் சங்கிலியை விளங்கிக்கொண்டவர்கள் அடுத்து, ஸ்பின்களை இருபரிமாணக் கட்டத்தில் வைக்கும் மாதிரியான டோரிக் கோடுக்குப் போங்கள். அங்கே காந்தமாக்கம் போன்ற எந்த உள்ளூர் அளவையும் அவத்தையைக் காட்டாது. 2006இல் பௌதிகவியலாளர்களான கிட்டேவும் பிரெஸ்கிலும், தனியாக லெவினும் வென்னும், பின்னல் என்ட்ரோபியிலிருந்து குறையும் ஒரு மாறிலியே அதைக் காட்டும் என்று கண்டார்கள். டோரிக் கோடுக்கு அந்த மாறிலி மட 2.