மரத்தின் பெயரை மாற்றாதீர்கள்: டிசம்பர் வாழ்த்துச் சண்டையில் நாம் செய்யும் தவறுகள்

டிசம்பர் இரண்டாம் வாரம். நியூ ஜெர்சியில் ஒரு கடை, பில் போடும் வரிசை நீண்டு கிடந்தது. எனக்கு முன்னால் நின்றவருக்கு மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு, கல்லாவில் இருந்த பெண் "ஹேப்பி ஹாலிடேஸ்" என்றார். வாழ்த்தைக் கேட்டவர் பையை எடுக்கவில்லை. "மெரி கிறிஸ்துமஸ் என்று சொல்ல என்ன தயக்கம்?" என்று சத்தமாகக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். நாள் முழுக்கப் பொருட்களைத் தூக்கி வைத்த மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் என் பால் கேனை எடுத்து ஸ்கேன் செய்யத் தொடங்கினார். அவர் கை லேசாக நடுங்கியதைப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் கொண்டாடாதவர்களையும் சேர்த்து "ஹேப்பி ஹாலிடேஸ்" என்று பொதுவாக வாழ்த்துவதா, "மெரி கிறிஸ்துமஸ்" என்றே சொல்வதா என்று அமெரிக்காவில் இருபது ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. நவம்பர் பிறந்தால் தொலைக்காட்சியில் தொடங்கிவிடும். இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் பலர் இதை வேடிக்கை பார்க்கிறார்கள். ஆனால் அலுவலக விருந்துக்கு அழைப்பு எழுதும் குழுவிலும், பள்ளியில் பெற்றோர் சங்கத்திலும் இப்போது நாமும் இருக்கிறோம். அதனால் தவறுகளில் நமக்கும் பங்கு இருக்கிறது. நான் செய்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கிடைத்த வாழ்த்தைத் திருத்துவது

முதல் தவறு அந்தக் கடையில் நடந்ததுதான். ஒருவர் வாழ்த்தினால் "உங்களுக்கும்" என்று சொன்னால் போதும். கல்லாவில் இருப்பவர் பெரும்பாலும் முதலாளி சொல்லச் சொன்னதைச் சொல்கிறார். 2005-ல் வால்மார்ட் "ஹேப்பி ஹாலிடேஸ்" என்றதற்குப் புறக்கணிப்பு அழைப்பு வந்தது. அடுத்த ஆண்டே "மெரி கிறிஸ்துமஸ்" திரும்பி வந்தது. இரண்டு முடிவும் தலைமை அலுவலகத்தில் எடுத்தவை. ஏச்சு வாங்குவது மட்டும் கல்லாவில் நிற்பவர்.

எதிர்ப்பக்கமும் இதே தவறைச் செய்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி "மெரி கிறிஸ்துமஸ்" என்றால், "நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை" என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் தன் சந்தோஷத்தில் நமக்கும் ஒரு பங்கு தருகிறார், அவ்வளவுதான். பியூ ஆய்வு மையம் 2017-ல் கேட்டபோது, கடையில் எப்படி வாழ்த்தினாலும் பரவாயில்லை என்று சொன்ன அமெரிக்கர்கள் 52 சதவீதம். சத்தம் போடுகிறவர்களை மட்டும் கேட்டால் இது தெரியாது.

பொது வாழ்த்தைப் புது வழக்கம் என்று நம்புவது

"ஹேப்பி ஹாலிடேஸ்" என்பதே கிறிஸ்துவை ஒதுக்குவதற்காக அண்மையில் கண்டுபிடித்தது என்று பலர் மனதார நம்புகிறார்கள். ஹாலிடே என்ற ஆங்கிலச் சொல்லே "புனித நாள்" என்பதிலிருந்து வந்தது. வெள்ளை மாளிகையின் முதல் அதிகாரபூர்வ கிறிஸ்துமஸ் அட்டை 1953-ல் அதிபர் ஐசனோவர் அனுப்பியது. அதிலேயே "சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்" என்றுதான் இருந்தது. அன்றைக்கு யாரும் கொதிக்கவில்லை. 2005-ல் ஜார்ஜ் புஷ், பைபிள் வசனத்தோடு அனுப்பிய அட்டையில் "விடுமுறைக் காலம்" என்று போட்டதற்கு அவர் ஆதரவாளர்களே கோபப்பட்டார்கள். மாறியது வாழ்த்து அல்ல, அதைக் கேட்கும் காது.

"எக்ஸ்மஸ்" என்று எழுதினால் கிறிஸ்துவின் பெயரை அடித்துவிட்டார்கள் என்று சொல்வதும் இந்த வகைதான். அந்த எக்ஸ், கிரேக்கத்தில் கிறிஸ்துவின் பெயருடைய முதல் எழுத்து. பழைய காலத்துக் கிறிஸ்தவர்களே அப்படிச் சுருக்கி எழுதினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க மண்ணில் கிறிஸ்துமஸைச் சட்டம் போட்டுத் தடுத்தவர்கள் மிகத் தீவிரமான கிறிஸ்தவர்கள். மாசச்சூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, அன்று வேலைக்குப் போகாமல் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். பைபிளில் இல்லாத பண்டிகை என்பது பியூரிட்டன்கள் எனப்பட்ட அந்தக் கிறிஸ்தவர்களின் வாதம். அமெரிக்க மத்திய அரசு அதை விடுமுறையாக்கியது 1870-ல்தான்.

பொருளின் பெயரை மாற்றுவது

எல்லோரையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

1917 டிசம்பர் 6-ஆம் தேதி கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிய கப்பல் வெடித்துச் சுமார் 2,000 பேர் செத்துப்போனார்கள். பாஸ்டன் நகரம் அன்று இரவே மருத்துவர்களோடு உதவி ரயிலை அனுப்பியது. அந்த நன்றிக்காக மறு வருஷம், ஹாலிஃபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணம் ஒரு மரம் அனுப்பியது. 1971-லிருந்து வருஷம் தவறாமல் ஒரு பெரிய மரம் பாஸ்டனுக்குப் போகிறது. 2005-ல் பாஸ்டன் நகராட்சியின் அறிவிப்பு அதை "ஹாலிடே மரம்" என்று குறிப்பிட்டது. மரத்தைக் கொடுத்தவருக்கு மனசு ஆறவில்லை. இப்படிச் சொல்வார்கள் என்று தெரிந்திருந்தால் கொடுத்தே இருக்க மாட்டேன் என்ற அளவுக்குப் போய்விட்டார். கடைசியில் மேயரே, எனக்கு இது கிறிஸ்துமஸ் மரம்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பெயரை மாற்றியதால் யாருக்கு என்ன லாபம்? எந்த யூதரும் எந்த இந்துவும் அந்த மரத்தைத் தன்னுடையது என்று நினைக்கப்போவதில்லை. கொடுத்தவர் மனம் நொந்ததுதான் மிச்சம். கூட்டத்துக்கு, காலத்துக்கு, விடுப்புக்குப் பொதுப் பெயர் வைக்கலாம். மரத்துக்கும் விளக்குக்கும் பலகாரத்துக்கும் அதனதன் சொந்தப் பெயர்தான் வேண்டும். ஜனவரியில் அலுவலகத்தில் பொங்கல் பானையை வைத்து, கீழே "தென்னிந்திய அறுவடை விழா" என்று மட்டும் எழுதியிருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? பொங்கல் என்று ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா என்று தோன்றும் அல்லவா? அதே வருத்தம்தான் அவர்களுக்கும்.

பொதுப் பெயர் வைத்தாலே சொந்தப் பெயரை அழித்துவிட்டார்கள் என்று பாய்வது இதன் மறுபக்கம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகராட்சி 1997-லும் 1998-லும் குளிர்காலத்தில் நடந்த எல்லா நிகழ்ச்சிகளுக்கும் சேர்த்து "விண்டர்வால்" என்று விளம்பரப் பெயர் வைத்தது. அந்தக் குடைக்குள் கிறிஸ்துமஸ் தன் பெயரோடுதான் இருந்தது. கரோல் பாட்டும் இருந்தது, மரமும் இருந்தது. "கிறிஸ்துமஸையே ஒழித்துவிட்டார்கள்" என்ற கதை மட்டும் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. 2011-ல்தான் டெய்லி மெயில் பத்திரிகை அது தவறு என்று திருத்தம் போட்டது. கோபப்படும் முன் அழைப்பிதழை முழுதாகப் படிப்பது நல்லது.

சட்டம் தடுக்கிறது என்று நினைப்பது

பள்ளிக்கூடத்தில் "மெரி கிறிஸ்துமஸ்" சொல்லத் தடை இருக்கிறது என்று சிலர் நிச்சயமாகச் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் அமெரிக்காவில் இல்லை. வழக்குகள் நடந்தது அரசே வைக்கும் காட்சிகள், அரசு இடத்தில் வைக்கும் காட்சிகள் பற்றி. ரோட் ஐலண்டின் பாடக்கெட் ஊரில் சாண்டா வீடு, கலைமான், மரம் எல்லாவற்றோடும் சேர்த்து வைத்த கிறிஸ்துமஸ் குடிலை 1984-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 1989-ல் பிட்ஸ்பர்க் நகரில் நீதிமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் தனியாக வைத்த குடில் கூடாது என்றது. வேறொரு கட்டடத்துக்கு வெளியே 45 அடி மரத்துக்குப் பக்கத்தில் நின்ற 18 அடி யூத விளக்கு சரி என்றது. எந்தப் பொருள் எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்துத் தீர்ப்பு. அதன் பிறகு நீதிமன்றத்தின் அளவுகோலும் மாறியிருக்கிறது. இதில் எதுவும் தனி மனிதர் வாயை அடைப்பது பற்றியது அல்ல.

எல்லாவற்றையும் கிறிஸ்துமஸ் ஆக்குவது

நான் செய்த தவறு இங்கேதான் வருகிறது. 2021 டிசம்பர் இருபதாம் தேதி வாக்கில், என்னோடு வேலை பார்க்கும் யூத நண்பரிடம் பெருமையாக "ஹேப்பி ஹனுக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நன்றி, அது முடிந்து இரண்டு வாரம் ஆகிறது" என்றார். அந்த வருஷம் ஹனுக்கா நவம்பர் 28 மாலையே தொடங்கி டிசம்பர் 6-ஆம் தேதி முடிந்துவிட்டது. யூத நாட்காட்டி நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடுவது. நம் தீபாவளி தேதி மாறுவதுபோல அதுவும் மாறும். இதை நான் யோசித்திருக்க வேண்டும். டிசம்பர் என்றாலே 25-ஐச் சுற்றித்தான் எல்லாம் என்று நினைத்துவிட்டேன்.

அவர்தான் அப்புறம் ஹனுக்கா விளக்கைக் காட்டினார். எட்டு நாளுக்கு எட்டுத் திரி, மற்றதை ஏற்ற ஒன்பதாவதாக ஒன்று. மெழுகுவர்த்தியை வலப்பக்கத்திலிருந்து அடுக்குவார்கள், ஏற்றும்போது இடப்பக்கம் இருக்கும் புதியதிலிருந்து தொடங்குவார்கள். ஹனுக்கா அவர்களுக்குச் சிறிய பண்டிகைதான் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. பெரிய நாட்கள் இலையுதிர் காலத்தில் வரும் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவும், நோன்பு நாளான யோம் கிப்பூரும். அந்தப் பெரிய நாட்களில் முக்கியமான கூட்டத்தை வைத்துவிட்டு, டிசம்பரில் மேசை மேல் நீலமும் வெள்ளியுமாகத் தோரணம் கட்டினால் சேர்த்துக்கொண்டதாக ஆகாது.

குவான்சாவையும் இப்படித்தான் குழப்புகிறார்கள். 1966-ல் மௌலானா கரெங்கா தொடங்கிய ஆப்பிரிக்க அமெரிக்கப் பண்டிகை அது, டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை. பெயர் ஸ்வாஹிலி மொழியில் "முதல் விளைச்சல்" என்பதிலிருந்து வந்தது. மதப் பண்டிகை அல்ல. கிறிஸ்துமஸையும் இதையும் சேர்த்தே கொண்டாடும் வீடுகள் உண்டு, இதைக் கொண்டாடாத கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம். அதன் விளக்கில் ஏழு மெழுகுவர்த்தி: மூன்று சிவப்பு, ஒரு கறுப்பு, மூன்று பச்சை. ஹனுக்காவுக்கு இதை எடுத்து வைத்த அலுவலகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"ஹேப்பி" என்று வாழ்த்தக் கூடாத நாளில் அப்படி வாழ்த்துவதும் உண்டு. யோம் கிப்பூர் நோன்பிருந்து பாவமன்னிப்புக் கேட்கும் நாள். நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் "புனித வெள்ளி வாழ்த்துகள்" என்று பூப்போட்ட படம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இயேசு சிலுவையில் இறந்த நாளுக்கு என்ன வாழ்த்து? முஹர்ரம் பத்தாம் நாள் ஷியா முஸ்லிம்களுக்குத் துக்க நாள். தெரியாவிட்டால் அன்று பேசாமல் இருக்கலாம்.

முகத்தைப் பார்த்துப் பண்டிகையை முடிவு செய்வது

எங்கள் அலுவலகத்தில் நாகர்கோவில் அக்கா ஒருவர் இருக்கிறார். சிஎஸ்ஐ சபை, நான்கு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். ஒரு மதியம் சாப்பிடும்போது சொன்னார்: "தம்பி, தீபாவளி அன்னைக்கு முப்பது பேர் வந்து ஹேப்பி தீவாளி சொல்றாங்க. நானும் சேம் டூ யூன்னு சொல்லிட்டுப் போறேன். கிறிஸ்துமஸுக்கு வெள்ளைக்காரங்க எனக்குச் சொல்றதில்ல, நான் இந்தியாக்காரின்னு. நம்ம ஆளுங்களும் சொல்றதில்ல. போன வருஷம் ஒருத்தர்கூடச் சொல்லல."

அந்த முப்பது பேரில் நானும் ஒருவன். மூன்று வருஷம் பக்கத்து மேசை. அவர் எந்தப் பண்டிகை கொண்டாடுவார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வியட்நாம்காரரிடம் "சீனப் புத்தாண்டு வாழ்த்துகள்" சொல்வதும் இதுவேதான். அவருக்கு அது டெட் என்னும் வியட்நாம் புத்தாண்டு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவருக்கு கிறிஸ்துமஸ் ஜனவரி 7. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "உங்கள் வீட்டில் என்ன விசேஷம், எப்போது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதிலோடு பலகாரமும் வரும்.

எதையும் கொண்டாடாதவர்களும் இருக்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸும் பிறந்தநாளும் கொண்டாடுவதில்லை. பெயர் சீட்டு எழுதிப் பரிசு மாற்றும் விளையாட்டில் அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏன் வரவில்லை என்று நாலு பேர் முன்னால் கேட்கவும் கூடாது. குழுவில் இருக்கும் ஒரே யூதரைப் பிடித்து "நீங்கள் ஹனுக்காவுக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று பொறுப்பைத் தள்ளுவதும் சரியில்லை. விருப்பமா என்று தனியாகக் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

போன டிசம்பரில் விருந்து அழைப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது. "ஆண்டு இறுதி மதிய விருந்து. வர விரும்புகிறவர்கள் வரலாம். உங்கள் வீட்டுப் பண்டிகைப் பலகாரம் கொண்டுவந்தால், அதன் பெயரையும் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்" என்று போட்டேன். வரவேற்பறையில் இருந்தது கிறிஸ்துமஸ் மரம், அப்படியே எழுதினேன். யூத நண்பர் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு லாட்கே கொண்டுவந்தார், அந்த வருஷம் ஹனுக்கா முடியுமுன் தேதி வைத்திருந்தோம். அக்கா ஒரு பெரிய டப்பா நிறைய அச்சு முறுக்கு கொண்டுவந்து, சீட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் "கிறிஸ்துமஸ் அச்சு முறுக்கு, நாகர்கோவில்" என்று எழுதி வைத்திருந்தார். இரண்டு மணிக்கு நான் போனபோது டப்பாவில் தூள்தான் இருந்தது.