றிப்போட் வந்த இரவில் எழுதப்படும் நேரசூசி: பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவணைப் பரீட்சை றிப்போட் வந்த அன்றிரவே இலங்கையின் வடக்கே வன்னியில் பல வீடுகளின் சுவரில் புதிய நேரசூசி ஒன்று ஏறிவிடும். விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும், பின்னேரம் ரியூசன், இரவு பத்தரை வரை படிப்பு, போனும் இல்லை, மைதானமும் இல்லை. எழுதியவர் அப்பா, அல்லது மூத்த அண்ணன். கடைப்பிடிக்க வேண்டியவரை யாரும் ஒரு சொல் கேட்டிருக்கமாட்டார்கள். நாலைந்து நாளில் அது குழம்பும். "உனக்கு ஒண்டும் ஏலாது" என்று பேச்சு விழும். நேரசூசி போனால் போகட்டும். தன்னால் முடியாது என்பதற்குப் பிள்ளைக்கு ஓர் அத்தாட்சி கிடைத்துவிடுகிறதே, அதுதான் நட்டம்.

தன்னால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 1977 இல் எழுதினார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தைத்தான் அவர் முதலில் வைக்கிறார். மற்றவர் சொல்லும் தைரியமும் உதவும், ஆனால் அதன் பலம் குறைவு. ஆகவே தொடக்கம் சின்னதாக இருக்கட்டும். பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பிட்டு, கோப்பை கழுவிய கையோடு பத்து நிமிடம் கணக்கு. எந்தப் பாடம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். மணிக்கூட்டோடு கட்டாமல் அன்றாட வேலை ஒன்றோடு கட்டுவது நல்லது, ஏனென்றால் பஸ் பிந்தும், கரண்ட் போகும். சாப்பாடு எப்படியும் நடக்கும்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற கதையையும் விட்டுவிடலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் வளர்ந்தவர்கள் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010 இல் வெளிவந்தது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு வர நடுவளவாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 இலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. நமக்கு இது முக்கியம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும், மார்கழி மழையில் குளம் வான் பாயும், அரிவு வெட்டு நாளில் வீடே வயலில் நிற்கும். அன்றைக்குக் கொப்பி திறக்காதது குற்றமில்லை. அடுத்த நாள் ஒரு பேச்சும் இல்லாமல் திரும்பத் தொடங்க விட்டால் சரி.

அடுத்தது, நம் மண்ணுக்கே உரிய தவறு. "நாங்கள் குப்பி விளக்கில படிச்சனாங்கள், உங்களுக்கு எல்லாம் இருந்தும் படிப்பு ஏறுதில்லை." சொன்னதில் பொய் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய் தேடி அலைந்ததும், 1996 இல் கிளிநொச்சியை விட்டு எழும்பியதும், 2009 இல் எல்லாவற்றையும் விட்டு வந்ததும் நடந்தவைதான். ஆனால் இன்றைக்குச் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை அதற்குப் பிறகு பிறந்தது. அந்தத் துன்பத்தோடு போட்டிபோட்டு அது எந்தக் காலத்திலும் வெல்லப்போவதில்லை. அதனால் வாயை மூடிக்கொள்ளும். நாளைக்குத் தன் கஷ்டத்தையும் சொல்லாது.

அந்தக் கதைகளைச் சொல்லவே கூடாது என்பதல்ல. மரத்தடியில் யார் படிப்பித்தார், இருந்த ஒரே புத்தகத்தை எத்தனை பேர் மாற்றி மாற்றி வாசித்தீர்கள் என்றெல்லாம் சொல்லுங்கள். பிள்ளை ஒரு பிழையும் செய்யாத நாளிலும் அதே கதையைச் சொல்வீர்களா என்று மட்டும் உங்களையே கேட்டுப்பாருங்கள். இல்லை என்றால் அது கதையாகப் போய்ச் சேராது, ஏச்சாகத்தான் போய்ச் சேரும்.

இன்னொன்று, பிள்ளைக்குத் தெரிந்ததைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. முத்தையன்கட்டுப் பக்கம் பதினைந்து வயதுப் பெடியன் வோட்டர் பம்மை ஸ்டார்ட் பண்ணி, மிளகாய்க்குத் தண்ணி மாறி, பழுது வந்தால் எங்கே என்று சத்தத்திலேயே பிடித்துவிடுவான். அவன் தங்கை கச்சான் விற்ற கணக்கை வாயாலேயே கூட்டிச் சொல்லுவாள். இரண்டு பேரையும் றிப்போட்டை வைத்து மக்கு என்கிறோம். பம்மில் பழுது தேடும்போது ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்குகிறானே, விஞ்ஞான வினாவிலும் அதே புத்திதான் வேண்டும். "அங்க செய்யிறதைத்தான் இங்கயும் செய்யிறாய்" என்று ஒருவர் எடுத்துக் காட்டவேண்டும். தோட்ட வேலை படிப்பைக் கெடுக்கும் என்று முழுதாகத் தடுப்பதும் சரியில்லை, பள்ளிக்கூடம் மறிக்கும் அளவுக்கு வேலை வாங்குவது அதைவிடப் பிழை.

சாதாரண தரத்தில் 9ஏ, அதாவது ஒன்பது பாடத்திலும் ஏ, எடுத்தவர்களின் படம் போட்ட பனர்கள் ஏ9 வீதியோரம் தொங்குகின்றன. எடுத்த பிள்ளைக்குச் சந்தோஷம்தான், இருக்கட்டும். வீட்டில் மட்டும் "நீ கெட்டிக்காரி" என்று நிறுத்திவிடாதீர்கள். உளவியலாளர்கள் முல்லரும் டுவெக்கும் 1998 இல் வெளியிட்ட பரிசோதனைகளில், கெட்டிக்காரர் என்று புகழப்பட்ட சிறுவர்கள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் கைவிட்டார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அதற்காகச் சும்மா "நல்ல முயற்சி" என்றாலும் பிள்ளைக்கு விளங்கிவிடும். கண்ட ஒன்றைச் சொல்லுங்கள்: "போன கிழமை விட்ட கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தாய்."

நித்திரையைக் களவெடுப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும் என்பது அமெரிக்க நித்திரை மருத்துவ அக்கடமியின் 2016 ஆம் ஆண்டுப் பரிந்துரை. இந்த வயதில் நித்திரை வரும் நேரமும் இயல்பாகவே பிந்துகிறது. பத்தரைக்குப் படுத்து நாலுக்கு எழும்பினால் ஐந்தரை மணித்தியாலம்தான். போன் இரவில் வேறு அறையில் சார்ஜ் ஏறட்டும், அம்மா அப்பாவின் போனும் சேர்த்து.

பிரதேச செயலகத்திலோ வங்கியிலோ பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு அம்மா பதில் சொல்வதையும் நிறுத்தலாம். தடுமாறட்டும், படிவத்தைப் பிழையாக நிரப்பட்டும். இன்னொன்று கேட்டு வாங்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். முன்பு விரும்பியதிலும் இரண்டு கிழமைக்கு மேல் மனம் இல்லை, சாப்பாடும் நித்திரையும் குழம்புகிறது, சாவைப் பற்றிப் பேச்சு வருகிறது என்றால் நேரசூசியைத் தள்ளி வையுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர்களுக்கு 1929. சாவைப் பற்றிய பேச்சு என்றால் அன்றைக்கே போகவேண்டும், பிள்ளையைத் தனியே விடாமல்.