வெள்ளக்கோடு: நீர் சூழும் மனையில் வீடு கட்டும் முறை

வெள்ளம் வரக்கூடிய மனையில் வானம் (கடைக்காலுக்கான குழி) தோண்டுவதற்கு முன்பே ஓர் உயரத்தை முடிவு செய்தாக வேண்டும். தண்ணீர் எதுவரை ஏறும் என்பதே அந்த உயரம். அதை இங்கே வெள்ளக்கோடு என்று சொல்வோம். கோட்டுக்கு மேலே இருப்பவை நனையவே கூடாது. கீழே இருப்பவை நனைந்தாலும் கெடக்கூடாது. கடைக்கால் ஆழம், சுவரின் வகை, சுவிட்சின் உயரம், கதவின் பலகை எல்லாம் இந்தக் கோட்டை வைத்துத்தான் முடிவாகும். கோட்டைத் தீர்மானிக்காமல் "கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிடலாம்" என்று தொடங்கும் வீடுகளில் பணமும் போகிறது, தண்ணீரும் வருகிறது.

கோட்டைக் கண்டுபிடிப்பது

அரசின் வெள்ள வரைபடம் கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். பல நாடுகளில் தரநிலைகள் "நூறாண்டு வெள்ளத்தை" அடிப்படையாகக் கொள்கின்றன. பெயரைப் பார்த்து, நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டுகள் ஒரே வீட்டில் இருப்பவர் அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று.

வரைபடம் இல்லாத இடத்தில் தடயங்களைத் தேடுங்கள். பழைய சுற்றுச்சுவரில் படிந்த சேற்றுக்கறை, பாலத்தூணில் உள்ள கோடு, மரக்கிளையில் சிக்கிய குப்பை எல்லாம் உதவும். நீண்ட காலம் குடியிருப்பவர்களிடம் "எவ்வளவு தண்ணீர் வந்தது?" என்று கேட்டால் கையை இடுப்பில் வைத்துக் காட்டுவார்கள், அது பயன்படாது. "எந்தப் படி வரை மூழ்கியது, அதைத் தொட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். குறைந்தது நான்கைந்து இடங்களில் கேட்டு, அவற்றில் உயர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அடையாளத்தை உங்கள் மனைக்குக் கொண்டுவர டியூப் லெவல், அதாவது நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய் போதும். 15 முதல் 20 மீட்டர் நீளமுள்ள, உள்ளே பார்க்க முடிகிற குழாயில் நீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. இருந்தால் அளவு தப்பாகும். இரு முனையும் திறந்திருக்க வேண்டும். விரலால் மூடியபடி அளந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தூரம் அதிகமென்றால் இடையிடையே முளை அடித்து நகருங்கள். மனைக்கு வந்தபின் அதே வழியில் திரும்பிச் சென்று தொடங்கிய இடத்தில் சரிபாருங்கள். 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும். கோட்டைக் குறிக்கும் இடம் கட்டுமானம் முடியும்வரை இடிபடாத ஒன்றாக இருக்கட்டும். சாலை மட்டத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் சாலை உயரும், உங்கள் தரை உயராது.

கிடைத்த உயரத்தோடு பாதுகாப்பு உயரம் சேர்த்தே வெள்ளக்கோட்டை முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.சி.இ. 24 தரநிலையின் 2014 பதிப்பு சாதாரண வீடுகளுக்கு நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேல் குறைந்தது 1 அடி கேட்டது. மருத்துவமனை போன்றவற்றுக்கு இன்னும் அதிகம். வரைபடம் இல்லாமல் கறைகளை மட்டும் நம்பிக் கட்டுகிறீர்கள் என்றால் 60 செ.மீ. வையுங்கள். பக்கத்து மனைகள் மண் கொட்டி உயரும்போதும், மதகு அடைபடும்போதும் அடுத்த வெள்ளம் பழைய கறையைத் தாண்டும்.

தண்ணீர் வீட்டை எப்படி உடைக்கிறது

தேங்கி நிற்கும் தண்ணீரின் தள்ளுவிசையைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சுவரின் ஒரு பக்கம் மட்டும் 60 செ.மீ. ஆழம் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 180 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் விழும். 1.2 மீட்டர் நின்றால் 720 கிலோ. ஆழம் இரட்டித்தால் தள்ளல் 4 மடங்காகிறது, சுவரை அடியிலிருந்து மடக்கும் விசையோ 8 மடங்காகிறது. செங்கல் சுவர் எடையைத் தாங்கும், மடக்கத் தாங்காது.

அதனால் தண்ணீரை வெளியே நிறுத்தி வைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பிரிட்டனின் 2007 வழிகாட்டி, ஆழம் 0.6 மீட்டரைத் தாண்டும் இடத்தில் தண்ணீரை உள்ளே விட்டுவிடும்படி கட்டச் சொல்கிறது. வாசலுக்குத் தடுப்புப்பலகை வாங்குபவர்கள் இதை மனதில் வையுங்கள். ஒரு மீட்டர் உயரத் தடுப்பு, சாதாரண செங்கல் வீட்டைக் காப்பாற்றாது. சுவரை உள்ளே சாய்க்கும்.

இரண்டாவது, கீழிருந்து மேலே தூக்கும் விசை. தரைக்கடியில் மண் ஊறி, நீர்மட்டம் தளத்தின் அடியைவிட 1 மீட்டர் உயர்ந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1000 கிலோ மேல்நோக்கித் தள்ளும். 15 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோதான்.

மூன்றாவது, ஓடும் நீர். வேகம் இரட்டித்தால் விசை 4 மடங்கு. மிதந்து வரும் மரக்கட்டை மோதுவது தனி. ஆற்றோரத்திலோ கடலோரத்திலோ நீர் ஓடும் மனை என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் தொடங்காதீர்கள். கீழே சொல்வது பெரும்பாலும் தேங்கி நிற்கும் அல்லது மெதுவாக நகரும் வெள்ளத்துக்கு.

உயர்த்துவது: மண்ணா, தூணா?

கோடு தரையிலிருந்து 1 மீட்டருக்குள் இருந்தால் மண் நிரப்பி பேஸ்மட்டத்தை (வீட்டுத் தரைக்கு அடியிலுள்ள மேடையை) உயர்த்துவது எளிது. நிரப்பும் மண்ணில் களிமண்ணோ இடிபாடுகளோ வேண்டாம். கிராவல் (சரளை) கலந்த மண் நல்லது. 15 முதல் 20 செ.மீ. வீதம் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துத் திமிசு போட (இடித்து இறுக்க) வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் கொட்டி மேலே மட்டும் இடித்தால், முதல் வெள்ளத்தில் மண் ஊறி அமுங்கும். தரை வெடிக்கும், டைல்ஸ் உள்ளீடற்று ஒலிக்கும். தாங்குசுவர் இல்லாத மண்மேட்டின் சரிவு 1 உயரத்துக்கு 1.5 அகலத்தைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. உங்கள் மேடு மழைநீரைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்புமா என்பதையும் பாருங்கள். பல ஊர்களில் நீர் ஓடும் வழியை மண்ணிட்டு மூடுவதே சட்டவிரோதம்.

அதற்கு மேல் உயர்த்த வேண்டுமென்றால் தூண்கள்தான். நீர் அடியில் ஓடிப்போகும், சுவரைத் தள்ளாது. ஆனால் ஓடும் நீர் தூணைச் சுற்றி மண்ணை அரித்துக் குழி பறிக்கும். அந்தக் குழி தூணின் அகலத்தைப்போல் 2 மடங்கு ஆழம் வரை போகலாம். 30 செ.மீ. தூணுக்கு 60 செ.மீ. குழி என்று வைத்து, மனை முழுவதும் அரிக்கும் ஆழத்தையும் சேர்த்து, அதற்கும் கீழே புட்டிங் (தூணின் அகன்ற அடிப்பாகம்) இருக்க வேண்டும். தூண்களைக் கீழேயும் மேலேயும் பீம்களால் பிணையுங்கள். நிலநடுக்கப் பகுதியில் கீழ்த்தளம் முழுக்கத் திறந்திருப்பது வேறோர் ஆபத்து. மேலே கனமான சுவர், கீழே வெறும் தூண் என்ற அமைப்பை அங்கே தனியாக வடிவமைக்க வேண்டும்.

கான்கிரீட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். மாறி மாறி நனைந்து காயும் கான்கிரீட்டை இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கடுமையான சூழலில் உள்ளதாக வகைப்படுத்துகிறது. குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரமுள்ள கலவை, நீர்-சிமென்ட் எடை விகிதம் 0.45க்குள், கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) என்பது அதன் தேவை. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது, அதிலும் ஈரமணலில் உள்ள நீரைக் கழிக்க வேண்டும். கலவை இறுகலாக இருக்கிறது என்று வாளியில் தண்ணீர் ஊற்றுவது, வெள்ளத்துக்குப் பின் துருப்பிடித்து வெடிக்கும் தூணை இன்றே வார்ப்பதற்குச் சமம். குழைவு வேண்டுமென்றால், தண்ணீர் கூட்டாமலே குழைவு தரும் பிளாஸ்டிசைசர் என்ற கலவைப்பொருளைச் சேருங்கள்.

தண்ணீருக்கு வழி விடும் திறப்புகள்

வீட்டை உயர்த்திய பின் கீழ்த்தளத்தைச் சுவரால் மூடி வண்டி நிறுத்தவோ பொருள் வைக்கவோ ஆசை வரும். மூடினால் திறப்பு வைத்தே ஆக வேண்டும். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக ஏறி இறங்கினால் சுவரில் தள்ளலே இருக்காது. ஏறும்போது தாங்கிய சுவர் இறங்கும்போது விழுவதும் உண்டு. வெளியே நீர் வடிந்து உள்ளே நின்றால் சுவர் வெளிப்பக்கம் சாயும்.

அமெரிக்க விதியின் அளவு இது: மூடிய பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 70 சதுர செ.மீ. திறப்பு. 60 சதுர மீட்டர் கீழ்த்தளத்துக்கு 4200 சதுர செ.மீ. வேண்டும். 40×15 செ.மீ. திறப்பு ஒன்றின் பரப்பு 600. கம்பிவலை ஐந்தில் ஒரு பங்கை அடைத்தால் மிஞ்சுவது 480. ஆக 9 திறப்புகள். குறைந்தது இரண்டு வெவ்வேறு சுவர்களில் அவை அமைய வேண்டும். திறப்பின் அடிவிளிம்பு உள்தரை, வெளித்தரை இரண்டில் உயர்ந்ததிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். உள்ளே தடுப்புச்சுவர் எழுப்பினால் ஒவ்வோர் அறைக்கும் தனித் திறப்பு வேண்டும். கையால் திறக்க வேண்டிய பலகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெள்ளம் நள்ளிரவில் வரும், திறக்க ஆள் இருக்கமாட்டார்கள். வலை மிக நெருக்கமாக இருந்தால் இலையும் பிளாஸ்டிக்கும் முதல் பத்து நிமிடத்திலேயே அடைத்துவிடும்.

கோட்டுக்குக் கீழே என்ன பொருள்?

அமெரிக்கப் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் அளவுகோல் நல்லது: குறைந்தது 72 மணி நேரம் நீரில் மூழ்கியிருந்தும், மேற்பூச்சைத் தவிர வேறு பழுது கேட்காத பொருள். கான்கிரீட், சுட்ட செங்கல், கல், சிமென்ட் பூச்சு, செராமிக் டைல்ஸ், யூபிவிசி கதவு எல்லாம் தேறும். ஜிப்சம் பலகை, ஜிப்சம் பூச்சு, மரநாரையும் மரத்துகளையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, லேமினேட் மரத்தரை தேறாது. சமையலறை அலமாரியின் அடிப்பகுதியை எம்.டி.எஃப்.பில் செய்துவிட்டு சுவரை மட்டும் பாதுகாப்பதில் பயனில்லை.

சுவர்ப் பெயின்ட் விஷயத்தில் ஒரு தவறு எங்கும் நடக்கிறது. ஈரம் வராமலிருக்க இரு பக்கமும் எனாமலோ நீர்ப்புகா பூச்சோ அடிக்கிறார்கள். நீர் எப்படியும் விரிசல் வழியே நுழையும், வெளியேற வழியின்றி மாதக்கணக்கில் உள்ளேயே நிற்கும். பெயின்ட் கொப்பளித்து, பூஞ்சை பிடிக்கும். உட்புறத்துக்கு ஆவி வெளியேறும் பெயின்ட்டையே பயன்படுத்துங்கள்.

மின்சாரம், கழிவுநீர், தொட்டிகள்

மீட்டர், மெயின் போர்டு, இன்வெர்ட்டர், ஏ.சி. வெளியலகு அனைத்தும் கோட்டுக்கு மேலே. ஒயர்கள் கூரையிலிருந்து கீழே இறங்கட்டும், தரையிலிருந்து ஏற வேண்டாம். கோட்டுக்குக் கீழே தவிர்க்கவே முடியாத விளக்கு, பம்ப் இணைப்புகளைத் தனிச் சர்க்கியூட்டாக்கி, 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வையுங்கள். கீழ்த்தளத்தை மட்டும் அணைத்துவிட்டு மேல்தளத்தில் விளக்கெரிய இது உதவும். கோட்டுக்குக் கீழே ஒயர்களை இணைக்கும் ஜங்ஷன் பெட்டி கூடாது. கேஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தாலும் மிதக்கும். சுவரில் பட்டையிட்டுக் கட்டுங்கள்.

வாசலை அடைத்தவர்களுக்கும் தண்ணீர் கழிவறை வழியாக வரும். தெருக் கழிவுநீர்க் குழாயில் சேரும் முன், திறந்து சுத்தம் செய்யக்கூடிய தொட்டியில் ஒருவழி வால்வு பொருத்துங்கள். கீழ்த்தளக் குழாய்கள் மட்டும் அந்த வால்வு வழியே போகட்டும். மேல்தளக் குழாயை வால்வைத் தாண்டித் தெருப்பக்கம் இணையுங்கள். இல்லையென்றால், வால்வு மூடிய நேரத்தில் மாடியில் ஊற்றும் தண்ணீர் உங்கள் கீழ்த்தளக் கழிவறையில் பொங்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வால்வைத் திறந்து பாருங்கள். மடல் ஓரத்தில் சிக்கிய ஒரு துணித்துண்டு போதும், அது மூடாது.

காலியான சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) படகாகிவிடும். வெளி அளவில் 2×2×2 மீட்டர், எல்லாப் பக்கமும் 15 செ.மீ. கான்கிரீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை சுமார் 7.4 டன், நீர் தூக்கும் விசை 8 டன். ஆக, காலியாக இருந்தால் மண்ணைப் பிளந்து மேலே வரப் பார்க்கும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே சுற்றிலும் 30 செ.மீ. நீட்டி வார்த்தால் அதன்மேல் அமரும் மண் அழுத்திப் பிடிக்கும். வெள்ள எச்சரிக்கை வந்தால் சம்பையும் மேல்தொட்டியையும் நிரப்பி, மூடியை இறுக்கிப் பூட்டுங்கள்.

நிலத்தடி அறையை இத்தகைய மனையில் கட்ட வேண்டாம். ஏற்கெனவே இருந்து, அதில் நீர் நிறைந்துவிட்டால், வெளியே வடிந்தவுடன் மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைக்காதீர்கள். சுற்றியுள்ள மண் இன்னும் ஊறித்தான் இருக்கும்; உள்ளிருந்து தாங்கிய நீர் போனால் சுவர் உள்ளே இடிந்து விழும், தளம் மேலே வெடிக்கும். முதல் நாள் 30 செ.மீ. மட்டும் இறைத்து, நீர்மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு, இரவு முழுதும் விடுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் நிலத்தடி நீர் இன்னும் இறங்கவில்லை. ஒரு நாள் காத்திருந்து மறுபடி 30 செ.மீ. இறையுங்கள். மட்டம் ஏறாமல் நின்றபின் நாளொன்றுக்கு 60 முதல் 90 செ.மீ. வரை இறைக்கலாம்.