நீர் ராக்கெட்டில் பாராசூட்டை நம்பித் திறக்க எந்தப் பொறி?

வெளிநாட்டு ராக்கெட் ஆர்வலர்கள் பாராசூட்டை வெளியே தள்ளக் கொஞ்சம் கருமருந்தும், அதைப் பற்றவைக்க ஒரு மின் எரியூட்டியும் வைப்பார்கள். மலேசியாவில் அந்தப் பேச்சே வேண்டாம். வெடிமருந்து 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது. உரிமம் இல்லாமல் கைவைக்கக் கூடாது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் திடலில் பறப்பது 1.5 லிட்டர் சோடா போத்தல்தான். அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பம்பால் காற்றை அடைத்தால், அந்த அழுத்தம் தண்ணீரைக் கீழே பீய்ச்சிப் போத்தலை மேலே தள்ளும். அதற்கு நெருப்பே தேவையில்லை. ஆனால் பாராசூட் விரியாமல் போனால், 200 கிராம் போத்தல்கூட 40 மீட்டர் உயரத்திலிருந்து மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் தலைகுப்புற வந்து இறங்கும். அதனால் திறப்புப் பொறியில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதலில் கழித்துவிட வேண்டியவை. மூக்குக் கூம்பைத் தளர்வாகச் செருகி, உச்சியில் ராக்கெட் கவிழும்போது அது தானாகக் கழன்று விழும் என்று நம்புவது பழைய வழி. தண்ணீர் தீர்ந்த அடுத்த நொடியே இறக்கையுள்ள உடலைக் காற்று பிடித்து இழுக்கும். கூம்பு தன் வேகத்திலேயே முன்னே ஓடும். உச்சிக்குப் போகும் முன்பே இரண்டும் பிரிந்துவிடும். காற்று அழுத்தி மூடி வைக்கும் பக்கவாட்டுத் தட்டும் இதே ரகம்: காற்று வீசாத காலையில் வேலை செய்யும், பத்து மணிக்கு மேல் அதன் இஷ்டம். சாவி கொடுத்தால் நடக்கும் பொம்மையின் விசையைக் கழற்றி நேரக்கருவியாக்குவதுண்டு. எடை குறைவு, பேட்டரி வேண்டாம், நல்ல யோசனைதான். ஆனால் பாராசூட் கதவைப் பிடிக்கும் ரப்பர் பேண்டின் இழுவை கூடினால் அதன் வேகம் மாறும், செம்மண் தூசி புகுந்தால் நின்றே போகும்.

வேகமாற்றத்தை அளக்கும் உணரியான முடுக்கமானியை வைத்து உச்சியைக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. தண்ணீர் தீர்ந்த பிறகு ராக்கெட் மேலே போனாலும் கீழே வந்தாலும் அந்த உணரிக்குத் தெரிவது காற்றுத் தடை மட்டுமே. உச்சியில் அது பூஜ்யத்தை ஒட்டிய ஏதோ ஓர் எண்ணைத்தான் காட்டும். காற்றழுத்த உணரியான பிஎம்பி280 உண்மையிலேயே உயரத்தைச் சொல்லும், சுமார் ஒரு மீட்டர் துல்லியத்தில். ஆனால் அதற்குத் தனி அறை, நான்கு பக்கமும் சம அளவில் துளை, வடிகட்டும் நிரல் எல்லாம் வேண்டும். அது இரண்டாவது ராக்கெட்டுக்கு இருக்கட்டும்.

முதல் ராக்கெட்டுக்கு எங்கள் பரிந்துரை: ஆர்டுயினோ நானோ (நாம் எழுதும் நிரலை ஓட்டும் சிறு கணினிப் பலகை) ஒன்று, எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) ஒன்று, ஏவும்போது பிடுங்கிக்கொள்ளும் ஒரு முள். முள் செருகியிருக்கும்வரை நானோவின் ஒரு கால் அதன் ஜிஎன்டி (மின்சுற்றின் பூஜ்ய வோல்ட்) முனையோடு இணைந்திருக்கும். ராக்கெட் கிளம்பியதும் ஏவுதளத்தில் கட்டிய நூல் முள்ளைப் பிடுங்க, நேரம் ஓடத் தொடங்கும். இணைப்பு 50 மில்லிநொடி தொடர்ந்து அறுந்திருந்தால்தான் கணக்கில் எடுக்கும்படி நிரலை எழுதுங்கள். இல்லையென்றால் பம்பு அடிக்கும் குலுக்கலிலேயே பாராசூட் வெளியே வந்துவிடும். முடுக்கமானி வைத்துக் கிளம்பும் கணத்தைப் பிடிப்பவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள்: அரை நொடி தொடர்ந்து உந்துதல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள். போத்தலின் முழு வாய் வழியே தண்ணீர் காலியாக 0.2 நொடிகூட ஆகாது. அந்த நிரல் கிளம்பியதையே அறியாமல் தரையில் வந்து மோதும்.

சர்வோவைப் பொருத்தும் விதத்தில்தான் பாதி வெற்றி. பாராசூட் அறையின் கதவை ரப்பர் பேண்ட் சுற்றி மூடி, அதன் வளையத்தை சர்வோவின் கையில் மாட்டுகிறோம். இழுவிசை கையின் நீளவாக்கில் அச்சை நோக்கிப் போக வேண்டும். அப்போது சர்வோ சும்மா இருக்கும். 90 பாகை திரும்பியதும் வளையம் நழுவி விழும். இழுவிசை குறுக்கே வந்தால் சர்வோ ஓயாமல் எதிர்த்துப் பிடிக்கும்: உறுமும், சூடாகும், பேட்டரியைக் குடிக்கும். ஏவும்போது பிளாஸ்டிக் பல் தேய்ந்துவிடவும் கூடும். காதை வைத்துக் கேளுங்கள். உறுமல் இருந்தால் கோணம் தவறு.

கிளம்பும் கணத்தின் வேகமாற்றம் சாதாரணமல்ல. 5 பார் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரோடு கிளம்பும் போத்தல் புவியீர்ப்பைப் போல் சுமார் 50 மடங்கு முடுக்கம் பெறும். 9 கிராம் சர்வோ அந்த நேரம் அரைக் கிலோ கனக்கும், 20 கிராம் பேட்டரி ஒரு கிலோ. அதனால் பேட்டரி அறையின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், வயர் மேல்நோக்கி வர வேண்டும். நகர்த்தும் சுவிட்சைக் குறுக்குவாட்டில் வையுங்கள். மேலே தள்ளினால் ஓடும் நிலையில் நட்டுக்குத்தலாக வைத்தால் ஏவும்போது அதுவே கீழே இறங்கி அணைந்துவிடும்.

மின்சாரம்தான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். சர்வோ திரும்பத் தொடங்கும்போதும் சிக்கிக்கொள்ளும்போதும் 600 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கலாம். சதுரமான 9 வோல்ட் பேட்டரியால் அதைத் தர முடியாது. பொத்தான் பேட்டரி பற்றிப் பேசவே வேண்டாம். மின்னழுத்தம் சரிந்ததும் நானோ மறுபடி முதலிலிருந்து தொடங்கும், எண்ணிய நேரம் அழிந்துபோகும். நானோவுக்குப் பதிலாகச் சிலர் வைக்கும் டிஜிஸ்பார்க் என்ற குட்டிப் பலகை இன்னும் மோசம்: ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் 5 நொடி காத்திருக்கும், அதற்குள் ராக்கெட் தரையில். ஒற்றைச் செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, 5 வோல்ட்டுக்கு உயர்த்த எம்டி3608 பலகை, சர்வோவின் மின்கம்பிகளுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி: இது போதும். எம்டி3608-இன் திருகை மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருப்பிய பிறகே மற்றதை இணையுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே மாட்டினால் நானோ கருகலாம்.

நேரம் எவ்வளவு? 40 மீட்டர் போகும் ராக்கெட் உச்சியைத் தொடக் கணக்குப்படி 2.9 நொடி, காற்றுத் தடையால் சற்றுக் குறையும். 2.4 நொடி வையுங்கள். அரை நொடி முந்தினால் ராக்கெட் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கும், நூல் தாங்கும். பிந்துவதில்தான் ஆபத்து. வாஷர் கசிந்து ராக்கெட் 15 மீட்டரே போனால் 1.75 நொடியில் உச்சி, 2.4-இல் இன்னும் 13 மீட்டர் உயரம் கையில் இருக்கும். 2.9 வரை காத்திருந்தால் எட்டரை மீட்டர்தான் மிச்சம், அதுவும் நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டு.

பாராசூட்டுக்குக் குப்பைப் பை போதும். 60 சென்டிமீட்டர் விட்டம், எட்டு நூல், ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டர், நடுவில் நூல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தூண்டில் கடையில் கிடைக்கும் சுழலி. 200 கிராமை நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இறக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும்; பவுடர் தூவி, ஏவுவதற்குச் சற்று முன் மடியுங்கள், முந்தைய இரவே மடித்து வைக்காதீர்கள். சூடான பசைத் துப்பாக்கியை அழுத்தம் தாங்கும் போத்தலில் படவிடக் கூடாது, சூடு பட்ட இடம் பலவீனமாகும். பொறி அறையில் ஒட்டினாலும் வெயிலில் இளகும். சர்வோவைத் திருகாணியால் பிடியுங்கள்.

தரையில் தொடர்ந்து 20 முறை திறந்தால்தான் பறக்க விடலாம், அதில் கடைசி ஐந்து அரை மணி நேரம் வெயிலில் வைத்த பிறகு. ஒரு முறை சிக்கினாலும் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணுங்கள். காற்று நொடிக்கு 3 மீட்டர் வீசினால் பத்து நொடி இறக்கத்தில் ராக்கெட் 30 மீட்டர் தள்ளிப் போகும். திடலை ஒட்டிச் செம்பனை இருந்தால் அதன் மட்டையில் மாட்டியதை எடுப்பது பெரும்பாடு. காற்று எழும் முன் காலையிலேயே ஏவுங்கள், விழுந்த இடத்தை ஒலியை வைத்துத் தேட நானோவில் ஒரு பஸரையும் சேர்த்துவிடுங்கள்.

பொறியை உயிர்ப்பிப்பது எப்போதும் பம்பு அடிப்பதற்கு முன்தான். அழுத்தம் ஏறிய போத்தலின் அருகில் யாரும் போகக் கூடாது. ஏவல் நின்றுபோனால், தூரத்திலிருந்தே பம்புக் குழாயின் வால்வைத் திறந்து காற்றை முழுக்க இறக்கி, மானி பூஜ்யம் காட்டிய பிறகே முள்ளைத் தொடுங்கள்.